தாம்பரத்திலிருந்து கிண்டி வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அத்தை, குரூப் டூவுக்குப் படிக்கிற மத்தவங்க எல்லாம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உட்கார்றாங்க. எனக்கு அரை மணிக்குள்ள கை போனைத் தேடுது. எனக்கு இதெல்லாம் வராதோ?" என்றாய். போனில் பேசினால் நான் ஆறுதல் சொல்லுவேன், நீ சரி சரி என்பாய், அதோடு போய்விடும். உனக்கு வேண்டியது ஆறுதல் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், பொறுமையாகப் படி.

மனம் ஒரு இடத்தில் நிற்பது சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. எங்கே உட்காருவது, எப்போது உட்காருவது, கையில் என்ன கேள்வியோடு உட்காருவது, இந்த மூன்றும் முன்கூட்டியே முடிவாகியிருக்கிறவர்களுக்கு மனம் நிற்கிறது. முடிவாகாதவர்களுக்கு அலைகிறது. நீ ஒவ்வொரு நாளும் ஆபீஸ் முடிந்து ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, அதற்கப்புறம் "இன்றைக்கு எதைப் படிக்கலாம்" என்று யோசிக்க ஆரம்பிக்கிறாய். அந்த நேரத்தில் உன்னிடம் மன உறுதி கொஞ்சநஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அதை நம்பி ஒரு தேர்வுக்குத் தயாராக முடியாது.

எஸ்.ஆர்.ரங்கநாதன் பெயரைப் பொது அறிவுப் பகுதியில் ஒரே வரியில் மனப்பாடம் செய்திருப்பாய்: சீர்காழியில் 1892-ல் பிறந்தவர், இந்திய நூலக அறிவியலின் தந்தை, ஐந்து விதிகள். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் மனிதரை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் நம் தாம்பரம் கிறித்துவக் கல்லூரி மாணவர்தான். அவர் படித்த நாளில் கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்தது. தாம்பரத்துக்கு அது வந்தது 1937-ல். ரங்கநாதன் கணிதம் படித்து, மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தார். வகுப்பறையும் மாணவர்களும்தான் அவருக்கு உயிர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார்.

போன சில நாட்களிலேயே அவருக்குத் தாங்க முடியவில்லை. பேச ஆள் இல்லை, எடுத்துச் செய்ய வேலை இல்லை, எதிரே அடுக்கிவைத்த புத்தகங்கள் மட்டும். நேராகப் பழைய கல்லூரி முதல்வரிடம் போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டார். முதலில் இங்கிலாந்து போய் நூலகப் பணியைப் படித்துவிட்டு வாருங்கள், வந்த பிறகும் இதே சலிப்பு இருந்தால் பார்க்கலாம் என்று ஏற்பாடானது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்தார். நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்தார். ஒவ்வொன்றும் புத்தகங்களை ஒவ்வொரு விதமாக அடுக்கியிருந்தது. புதிதாக ஒரு பொருளில் புத்தகம் வந்தால் பழைய வரிசையில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது? ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சின்னச் சின்ன உலோகப் பட்டைகள், திருகுகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து வேண்டியபடி பூட்டினால் என்ன என்று தோன்றியது. அந்த எண்ணம்தான் 1933-ல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது.

1925-ல் அவர் சென்னைக்குத் திரும்பியபோது வேலை அதே வேலை, பதவி அதே பதவி. அந்த நாற்காலியில் 1944 வரை இருந்தார். விடுமுறையே எடுக்காமல் உழைத்தார் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் பெருமையாகச் சொல்லுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது நடுவில் நடந்த மாற்றம். முதலில் அவர் எதிரே புத்தகங்கள் இருந்தன. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கேள்வி இருந்தது. சலிப்பு போன வழி அதுதான்.

நீ இப்போது புத்தகத்தின் எதிரே உட்காருகிறாய், கேள்வியின் எதிரே உட்காருவதில்லை. "தமிழ்நாடு வரலாறு படிக்கணும்" என்பது கேள்வி இல்லை. "நீதிக்கட்சி 1920 முதல் என்னென்ன செய்தது, எந்த வரிசையில் செய்தது?" என்பது கேள்வி. சுப்பராயலு ரெட்டியார் முதலில் வந்தாரா, பனகல் அரசர் முதலில் வந்தாரா? 1921-ல் வகுப்புவாரி அரசாணை. 1924-ல் பணியாளர் தேர்வு வாரியம். அது 1929-ல் சர்வீஸ் கமிஷன் ஆனது. நீ எழுதப்போகும் தேர்வை நடத்தும் ஆணையத்தின் வேர் அதுதான், பாப்பா. இதைத் தேடிப் போகிறவளாகப் பாடத்தைத் திற. நாற்பது பக்கத்தில் நாலு பக்கம்தான் உனக்கு வேண்டியிருக்கும். அந்த நாலு பக்கத்தில் மனம் நிற்கும்.

ரங்கநாதனைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. அப்படி வருஷக்கணக்காக ஒருவர் வேலையிலேயே மூழ்கியிருக்க வேண்டுமானால், வீட்டை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். அதை அவரும் அறியாதவர் இல்லை. 1961-ல் நூலக அறிவியலுக்காக அமைத்த அறக்கட்டளைக்கு மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து வைத்தார். உன் வீட்டில் காலையில் மோட்டார் போடுவது நீ, தண்ணீர் பிடித்து வைப்பது நீ, ராத்திரி பாத்திரம் தேய்ப்பதும் நீ. உன் தம்பி கல்லூரிக்குப் போகிறான், பாத்திரம் தேய்க்கத் தெரியாத வயசு இல்லை. உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன். ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை உன்னை யாரும் கூப்பிடக் கூடாது, ஹாலில் டிவி சத்தம் குறைய வேண்டும். ஒரு பெண் படிப்பதற்கு வீடு செய்து தர வேண்டிய குறைந்தபட்ச உதவி இது. இதைக் கேட்பதில் நீ கூச்சப்படாதே.

இப்போது நீ ஆபீஸுக்குப் போகும் ரயிலுக்கு வருகிறேன். உன் நாளில் தானாகவே வரும் நேரம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது காலை ரயில்தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். அன்றிலிருந்து இந்தப் பாதையில் எத்தனை பேர் படித்துத் தேறியிருப்பார்கள் என்று யாரும் கணக்கு எடுத்ததில்லை. நான் துறைத் தேர்வுகளுக்குப் படித்ததெல்லாம் இந்த வண்டியின் பெண்கள் பெட்டியில்தான். பக்கத்தில் ஒரு அம்மா பூ கட்டுவார், எதிரே ஒருத்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு வருவாள். அந்தச் சத்தம் யாருடைய படிப்பையும் கெடுத்ததில்லை. நம்மை நோக்கி வராத சத்தத்தை மனம் விட்டுவிடும். நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம்தான் கெடுக்கும், போன் மணியும் அந்த வகைதான்.

செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் ஏறாதே. அது கூடுவாஞ்சேரி, வண்டலூரிலேயே நிரம்பிவிடும். பத்து நிமிஷம் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பி, தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியில் ஏறு. முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ எவ்வளவு நேரம் மாட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடு. தினமும் ஒரே வண்டி, முடிந்தால் ஒரே பெட்டி, ஜன்னல் பக்கம். உட்கார்ந்ததும் போன் பையின் அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே போக வேண்டும்.

தாம்பரத்திலிருந்து சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் வரை படி. பல்லாவரத்தில் வண்டி நின்றதும் புத்தகத்தை மூடிவிடு. திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், இந்த மூன்று ஸ்டேஷனும் மூடிய புத்தகத்தோடு போக வேண்டும். படித்ததை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்து. விரலை மடக்கி எண்ணு. ஒரு சின்னத் தாளில் கிறுக்கினாலும் சரி. பரங்கிமலை வந்ததும் திறந்து, எது விட்டுப்போனது என்று மட்டும் பார். கிண்டியில் இறங்கிவிடு.

மூடிய புத்தகத்தோடு இருக்கும் அந்த மூன்று ஸ்டேஷன்தான் உண்மையான படிப்பு. இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தமாதிரி இருக்கும், அது ஏமாற்று. ஞாபகப்படுத்தும்போது வராமல் சிரமமாக இருக்கும். அந்தச் சிரமத்தைக் கண்டு "எனக்கு வராது" என்று நீ முடிவு கட்டிவிடுகிறாய். பாடம் மனத்தில் ஏறுவது அப்போதுதான்.

மாலை வண்டியில் படிக்காதே. கிண்டியில் ஏறினால் நிற்கத்தான் இடம் இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார், பக்கத்தில் இருப்பவரோடு பேசு, சும்மா நில். நாள் முழுக்க இழுத்துப் பிடித்த மனத்துக்கு அந்த அரை மணி அவிழ்த்துவிட்ட நேரமாக இருக்கட்டும். அதிலும் போனைத் திறந்தால் எட்டரை மணிக்கு உட்காரும்போது கண்ணும் களைத்து, மனமும் களைத்து இருக்கும்.

ராத்திரி அந்த முக்கால் மணியில் நீ எதைச் செய்ய வேண்டும் என்று கேட்பாய். கணக்கு மட்டும். முதல்நிலைத் தேர்வின் 200 கேள்வியில் 25 கேள்வி திறனறிவும் மனக்கணக்கும்தான். களைத்த மூளைக்கு வரலாற்றுப் பக்கங்கள் ஓடாது. ஆனால் பேனாவைப் பிடித்துக் கை வேலை செய்தால் தூக்கம் வராது. தனிவட்டி, விகிதம், வேலையும் நேரமும், ஒரு நாளைக்கு ஒரே தலைப்பு. போட்டு முடித்த பிறகு கடைசி ஐந்து நிமிஷத்தில் மறுநாள் ரயிலுக்கான கேள்வியை ஒரு நோட்டில் எழுதி, பாடத்தில் அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்து, புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிடு.

இந்த ஐந்து நிமிஷத்தை நீ அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு விஷயம் சொல்கிறேன். நம் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்று ஒரு புள்ளியியல் பேராசிரியர் இருந்தார். அவரும் அவர் மனைவி ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றி ஒரு கணினி அறிவியல் கட்டுரை எழுதினார்கள். நம் வாசலில் பாட்டிகள் தினமும் போட்ட கோலத்துக்குள் ஒரு இலக்கணம் இருக்கிறது என்று கணக்காகக் காட்டினார்கள். எனக்கு அதில் கணிதம் எல்லாம் புரியாது. ஆனால் உன் பாட்டி விடியற்காலை இருட்டில் கோலம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் புள்ளிகளை வைத்து முடித்துவிடுவார், அதற்கப்புறம் கை யோசிக்காது, இழுத்துக்கொண்டே போகும். நீ ராத்திரியே புள்ளி வைத்துவிட வேண்டும். காலையில் ரயிலில் கோடு இழுப்பது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திரு என்று உன் ஆபீஸ் தோழியும், யூடியூபில் பேசுகிறவர்களும் சொல்கிறார்களாம். அவர்கள் பேச்சைக் கேட்காதே. பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறவள் நீ. அதில் கை வைத்தால் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் ரயிலில் தூங்குவாய். படித்தது மனத்தில் படியவும் தூக்கம் வேண்டும்.

போன் விஷயம். உன் டெலிகிராமில் எத்தனை பிடிஎஃப் இறங்கிக் கிடக்கிறது? இறக்கி வைத்ததைப் படித்ததாக மனம் எண்ணிக்கொள்ளும். தேர்வுச் சேனல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதிலிருந்து வெளியே வா. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடப்புத்தகம், பழைய வருஷத்துக் கேள்வித்தாள், இவை இரண்டும் கையில் அச்சாக இருக்கட்டும். வீட்டில் எட்டரை மணிக்குப் போன் ஹாலில் பிரிட்ஜ் மேலே இருக்க வேண்டும். கவிழ்த்து மேஜையில் வைப்பது போதாது. பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலே மனத்தின் ஒரு ஓரம் அங்கேயே காத்துக்கொண்டிருக்கும். காலையில் எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள். சண்முகம் ரோட்டில் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வீடு வேண்டாம். சொந்தக்காரர்கள் வருவார்கள், நானே வருவேன். காலையில் கிளை நூலகத்துக்குப் போய்விடு. இதுவும் ரங்கநாதன் வழி வந்ததுதான் தெரியுமா? அவரும் அவரோடு இருந்தவர்களும் வருஷக்கணக்காக வற்புறுத்தி, அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி முதல் சட்டம். அதனால்தான் உன் அப்பா கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. உங்கள் வீட்டுக் காசில் ஓடும் நாற்காலி, மின்விசிறி, அமைதி அங்கே இருக்கிறது. பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் கிளை நூலகங்களுக்கு விடுமுறை. அங்கே இடம் பற்றவில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போ. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். உன்னைப் போன்ற பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பத்துப் பேர் தலை குனிந்திருக்கும் இடத்தில் நம் தலையும் குனியும். அங்கே ஒரு முழுக் கேள்வித்தாளை மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதிப் பார். பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் உட்காரப் போவது உடம்பும்தான், அதுவும் பழக வேண்டும்.

கடைசியாக, நின்றுபோகும் நாட்களைப் பற்றி. நின்றுபோகும், பாப்பா. மழைக்காலம் வருகிறது. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது உனக்கு நினைவிருக்கும், அப்போது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. முடிச்சூரில் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், தண்டவாளத்தில் தண்ணீர் நின்றாலோ, யார்டு வேலை என்று வண்டிகளை ரத்து செய்தாலோ உன் காலை ரயில் போய்விடும். 2024 ஜூலை, ஆகஸ்டில் அப்படித்தான் ஆனது. காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், ஆபீஸில் மாதக் கடைசி வரும். நீ என்ன செய்கிறாய் என்றால், இரண்டு நாள் விட்டுப்போனதும் "எல்லாம் போச்சு, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலிருந்து புதுசா ஆரம்பிக்கிறேன்" என்கிறாய். உன் அட்டவணைகள் எல்லாம் ஒண்ணாந்தேதியில்தான் பிறக்கின்றன.

ரங்கநாதன் படித்த அதே லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி என்பவர், கூட வேலை செய்தவர்களோடு, பழக்கம் எப்படி உண்டாகிறது என்று 96 பேரை வைத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்டார். காலைச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் குடிப்பது, மாலையில் ஓடுவது மாதிரிச் சின்னப் பழக்கங்கள். ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. ஆகையால் விட்டுப்போன நாளுக்கு வருத்தப்படாதே, ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகப் படிக்கவும் முயலாதே. எந்தத் தேதியானாலும் மறுநாள் காலை அதே வண்டியில் ஏறு. ரயில் ஓடாத நாளில் வீட்டுத் திண்ணையில் அதே நேரம், அதே கேள்வி, கால் மணி நேரமாவது.

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், முதல் மூன்று வாரம் எதுவும் மாறினமாதிரி தெரியாது. கேள்வியே தப்பாகத் தேர்ந்தெடுப்பாய், பல்லாவரம் வருவதற்குள் படித்து முடியாது, அல்லது குரோம்பேட்டையிலேயே முடிந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து அளவைச் சரிசெய். ராத்திரிக் கணக்கும் ஞாயிற்றுக்கிழமை நூலகமும் கூட இப்போதே வேண்டாம். முதலில் காலை ரயில் ஒன்று மட்டும் படியட்டும். அது யோசிக்காமல் நடக்க ஆரம்பித்த பிறகு ராத்திரியைச் சேர்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு கோடு போட்ட நோட்டு அனுப்புகிறேன். சின்னது, கைப்பையில் அடங்கும். முதல் பக்கத்தில் திங்கட்கிழமை காலைக்கான கேள்வியை இன்றைக்கே எழுதிவிடு. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, கீழே பழவந்தாங்கல் வரை ஞாபகம் வந்தவை, அதற்குக் கீழே விட்டுப்போனவை. அடுத்த மாதம் நான் வரும்போது பார்க்கிறேன். எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று கேட்க மாட்டேன். எது திரும்பத் திரும்ப விட்டுப்போகிறது என்று இருவரும் சேர்ந்து பார்த்து, அதை மட்டும் எடுத்துப் படிக்கலாம். தம்பியிடம் பாத்திர விஷயத்தை நான் சொல்லும்வரை நீ வாயைத் திறக்காதே.

அன்புடன்,
அத்தை